தாங்கல் கரைசலும் சிவப்புப் பொட்டும்

என் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. நகப்பூச்சால் நானே வைத்தது. தேய்ந்தால் மறுபடி வைப்பேன்.

நாங்கள் படித்த கல்லூரி விடுதியில், ஜவ்வாது மலையிலிருந்து வந்த பெண்களின் தட்டுகளில் மட்டும் பெயிண்டால் இப்படிப் பொட்டு வைத்திருந்தார்கள். தட்டு மாறிவிடக் கூடாதாம். மாறினால் யாருக்கு என்ன ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் மலைக்குக் கீழே ஒடுகத்தூர்க்காரி, என் தட்டில் பொட்டு இல்லை. என் ஆய்வகத் தோழி மலைக்காரி. ஒருநாள் அவள் தன் தட்டை விடுதி மேற்பார்வையாளரின் மேசைமேல் வைத்து, பொட்டை அழிக்கும்வரை இங்கே சோறு தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடங்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவோம் என்றார்கள். விடுதி போனால் அவளுக்குப் படிப்பும் போய்விடும். அவளைச் சமாதானப்படுத்தும் வேலை எங்கள் பேராசிரியையிடம் வந்தது.

அன்று செய்முறை வகுப்பில் தாங்கல் கரைசல். மெதில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி கலந்த வெறும் தண்ணீர், கொஞ்சம் அமிலம் பட்டாலே மஞ்சளிலிருந்து சிவந்துவிடும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் சேர்ந்த கரைசல் அப்படியல்ல. விழுகிற அமிலத்தை அசிட்டேட் வாங்கி வாங்கி அடக்கிக்கொள்ளும், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். பேராசிரியை அதைக் காட்டி அவளிடம் சொன்னார்: "இது மாதிரி இரும்மா. எது வந்து விழுந்தாலும் நெறம் மாறக் கூடாது. பொறுத்தார் பூமி ஆள்வார்."

அவள் அமிலம் இருந்த பியூரெட்டைத் திறந்துவிட்டாள். போதும், நிறுத்து என்றார் பேராசிரியை. அவள் நிறுத்தவில்லை. அசிட்டேட் தீர்ந்து, குடுவை முழுக்கச் சிவந்தது.

"இதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க மேடம். தீந்துபோனா இன்னா ஆவும்னும் சொல்லிக் குடுங்க."

குரல் உயரவே இல்லை. ஆத்திரம் எனக்குத்தான். சாயங்காலம் நகப்பூச்சை எடுத்து என் தட்டில் பொட்டு வைத்தேன்.

"இன்னாடி பண்ற?" என்றாள் பக்கத்து அறைக்காரி.

"எனக்கும் ஒட்டிக்கட்டும்னு வெக்கிறேன்."

அவளும் தன் தட்டை நீட்டினாள். சாப்பாட்டு மணிக்குள் சீசா காலி. மேற்பார்வையாளர் தட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், எது மலைத் தட்டு என்று அவருக்குப் பிடிபடவில்லை. "அழிக்கச் சொன்னா எல்லாரும் வெச்சிக்கினீங்களே," என்று சிரித்து, தோழி எங்களோடு உட்கார்ந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் இப்போது வேலூரில் மருந்து ஆய்வகம் ஒன்றில் இருக்கிறாள். நான் மலையில் வேதியியல் ஆசிரியை. தாங்கல் கரைசல் செய்முறையில், பாடப்புத்தகம் சில சொட்டு அமிலத்தோடு நிறுத்தச் சொல்கிறது. நான் குடுவை சிவக்கும்வரை விடுகிறேன். மதியம் பிள்ளைகளோடு அந்தத் தட்டில்தான் சாப்பாடு. புதிதாக வந்த ஆசிரியர் பொட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க மேடம், அடையாளமா?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "மலைத் தட்டு."