இடது பக்கக் கண்ணாடி நான்தான்

எங்கள் பிக்கப் வண்டிக்கு இடது பக்கம் கண்ணாடி இல்லாமல் இல்லை. இருந்தும், சனிக்கிழமைதோறும் இடது இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "மோட்டார் வருதுப்பா... நில்லுங்க... சரி, இப்பப் போலாம்" என்று கத்துவது என் வேலையாக இருந்தது. பத்து வயதில் எனக்கு வாய்த்த முதல் உத்தியோகம் அது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அப்பா செடெனாக்கில் ஒரு செடிப் பண்ணையிலிருந்து பூச்சட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் பெர்மாஸ் ஜெயாவில் வீடு வீடாக இறக்குவார். வண்டி அவருடையது, என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தது. அது புதிதாக வந்த காலத்தில் சாலையில் மோட்டார் சைக்கிள்களே இல்லை போலிருக்கிறது. இடது கதவில் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடியை வைத்து, இது போதும் என்று விட்டிருந்தார்கள். அதில் பார்த்தால் செடிகளும் கொஞ்சம் வானமும் தெரியும். கதவை ஒட்டி வருகிறவன் தெரியமாட்டான். நம் ஊரில் மோட்டார்காரர்கள் இடது பக்கமாகத்தானே புகுந்து வருவார்கள்?

அந்த வருடம் பள்ளியின் அஞ்சல் ஓட்டக் குழுவில், கோலைக் கைமாற்றி ஓடும் நால்வரில் ஒருத்தியாக, என்னைச் சேர்த்திருந்தார்கள். பயிற்சி சனிக்கிழமை காலையில். ஏற்கெனவே இரண்டு வாரம் போகவில்லை. வரும் சனிக்கிழமையும் வராவிட்டால் வேறு பிள்ளையைப் போட்டுவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்புறம் இடது பக்கம் யாரு பாக்கறது?" என்றார், நான் வராவிட்டால் வண்டிக்கு ஒரு சக்கரம் குறைந்துவிடும் என்பது போல.

"நல்ல கண்ணாடியா போடுங்கப்பா!"

போடவும் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அதை நடத்திய சீன அங்கிள் முதலில் பெரிய நீளமான கண்ணாடி ஒன்றை மாட்டினார். தட்டையான கண்ணாடி. உருவமெல்லாம் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் கதவோரம் விட்டுப்போனது. அதைக் கழற்றிவிட்டுப் புடைத்த கண்ணாடி மாட்டினார். அதில் தெருவே விரிந்து தெரிந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு" என்று அதையும் கழற்றச் சொன்னார். கடைசியில் தட்டைக் கண்ணாடியையே திரும்ப மாட்டி, அதன் மூலையில் பொத்தான் போல ஒரு சின்னப் புடைத்த கண்ணாடியை ஒட்டினார் அங்கிள். எல்லா லோரிக்காரர்களும் ஒட்டுவது அதைத்தான், மறைவில் வருகிறவன் அதில் வந்துவிடுவான் என்று மலாயில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அப்பா இருக்கையிலிருந்து எம்பிப் பார்த்தார். இறங்கிப்போய்ச் சட்டை முனையால் துடைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"தெரியலயே அங்கிள்."

அங்கிள் கைத்துணியைத் தரையில் வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் கூடவே போய்விடலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. சக்கரம், ஸ்டியரிங் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டே வந்த அம்மா, அந்தச் சின்னக் கண்ணாடியையும் விடவில்லை. பொட்டு வைப்பதற்கென்றே செய்த அளவில் அது இருந்ததுதான் வினை. கட்டைவிரலால் ஓர் அழுத்து. முழுக்க மூடிவிட்டது.

"அலாமாக்! அம்மா!" என்று துடைக்கப் போனேன். கையிலேயே ஓர் அடி விழுந்தது.

"சாமிக்கு வச்சதைத் தொடைக்கலாமா? தானா உதிரட்டும்."

சத்தம் போட வேண்டிய அப்பாவோ நிம்மதியாகச் சிரித்தார். "பாத்தியா, இதனாலதான் எனக்குத் தெரியல." பொட்டு வைத்தது அன்று காலை. தெரியவில்லை என்று அவர் சொல்லத் தொடங்கியது திங்கட்கிழமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கொட்டிய மழையில் பொட்டு கரைந்துபோனது. இனி விடுவேனா? அம்மாவை இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கையில் ஒரு வாளியைக் கொடுத்தேன். இரண்டு தலையணைகளைப் போட்டு, அப்பா உயரத்துக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா தெரிந்தார், வாளி தெரிந்தது, வேலையைக் கெடுக்கிறாளே என்று அம்மா உதட்டைப் பிதுக்கியதுகூடத் தெரிந்தது. இறங்கி அப்பாவை ஏற்றினேன்.

"அம்மா கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். "தொடப்பம்" என்றார்.

"விளையாடாதீங்கப்பா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா இறங்கி வீட்டுக்குள் போனார். குங்குமச் சிமிழோடு வந்து, தன் விரலாலேயே அந்தக் கண்ணாடியில் பொட்டை மறுபடி வைத்தார். "மழையில போயிடுச்சு" என்றார்.

"ஏன்பா, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா வாளியைக் கீழே போட்டுவிட்டு என்னை அடிக்க வந்தார். அப்பா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "விடுலா" என்றவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெரியலதான். அதுக்குத்தானே நீ இருக்க."

அஞ்சல் ஓட்டத்தில் வேறு பிள்ளை ஓடினாள். ஒரு வாரம் அப்பாவிடம், மோட்டார் வருது, போலாம் என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

இரண்டு வருடம் கழித்து, படியிறங்கும்போது அப்பா தடுமாறி விழுந்தபிறகுதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். இனிப்பு நீர் நோய் இரண்டு கண்ணையும் தின்றிருக்கிறது, இது இன்று நேற்று வந்ததல்ல என்றார் டாக்டர். வெளியே சொன்னால் மறுநாளே பண்ணையில் வேறு வண்டி வைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார் மனிதர். அந்தக் கண்ணோடு நெடுஞ்சாலையில் என்னையும் வைத்துக்கொண்டு ஓட்டினாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. இப்போது நானே கார் ஓட்டுகிறேன். இடது பக்கம் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டாமல் இருப்பதில்லை.

அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாததை, "தெரியலதான்" என்று அந்த வெள்ளிக்கிழமை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்ட நான், மறுநாள் காலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.