மோவாய்க்கு அடியில் அடிச்ச வெயில்

இன்னிக்கு ராஜபாளையத்துல ஒரு மருந்துக்கடை. ஸ்கூட்டர்ல அலைஞ்சு கழுத்து வெயில்ல வெந்துபோச்சுன்னு காட்டினேன்.

"இந்த பேண்டேஜ் துணிய நனைச்சுப் போடுங்கக்கா, எரிச்சல் அடங்கும்"னு கடைக்காரர் ஒரு சுருளை நீட்டினார்.

எண்பதுகள்ல எங்கம்மா பேண்டேஜ் கம்பெனிக் களத்துல கூலிக்குக் காயப்போட்டது இந்தத் துணியத்தான். வெயில் வெள்ளைத் துணியில பட்டு, கீழயிருந்தும் மூஞ்சில அடிக்கும். மோவாய்க்கு அடியில தோல் உரிஞ்சிரும். வீட்டுக்கு வந்து, கிழிஞ்ச பாவாடைத் துணிய நனைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்.

"அங்கேருந்து ஒரு முழம் கொண்டாந்தா என்னம்மா?"

"ஏட்டி, கேட்ல சேலைய உதறிக் காட்டிட்டுத்தான் வாரோம்."

சுருளைப் பையில போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். என்னைய யாரும் உதறச் சொல்லல.

உங்க வீட்ல யார இப்பிடி கேட்ல நிறுத்தி உதறச் சொன்னாங்க?