அரக்கு இல்லாத கவர்

மேனேஜரின் மேஜையில் பாதி உருகிய அரக்குக் கட்டி ஒன்று எப்போதும் கிடக்கும். குன்னூரில் அந்தத் தேயிலை புரோக்கர் ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் பார்க்கச் சேர்ந்தபோது அரக்கு வைக்கிற கவர்களெல்லாம் நின்று போயிருந்தன. அதற்கு முன்பு, ஏலத்துக்கு வரும் தேயிலைக்கு எங்கள் ஆபீஸ் போடும் மதிப்பு விலை, அரக்கு முத்திரையோடு கவரில் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் போகுமாம். கவர் போய்ச் சேர்ந்ததும் வியாபாரிக்கு ஃபோன் போட்டு, "அரக்கு உடையாம வந்துச்சுங்களா?" என்று கேட்பது மேனேஜரின் வழக்கம். மெயில் வந்த பிறகும் அந்த ஃபோனை அவர் விடவில்லை. அரக்குக்குப் பதிலாக, மெயில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார். தாமதம் என்று பதில் வந்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். "கவரு லேட்டாப் போச்சுன்னா வழியில யாரோ பிரிச்சிருக்கோணும், அம்மிணி" என்பார். மெயில் பஸ்ஸில் போவதில்லை, மேட்டுப்பாளையத்தில் இறக்கி யாரும் பிரிக்க முடியாது என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மனுஷரா அவர்.

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் ஆபீஸிலும் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இரண்டு பேர் ஜன்னலோரம் நின்று பேசினால் மூன்றாவது ஆள் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவார். அந்த நேரம் பார்த்துத்தான் மதிப்பு விலை மெயில்கள் இழுத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வியாபாரிக்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவோம். காலையில் அனுப்பத் தொடங்கினால் வரிசையில் கடைசியாக இருப்பவர்களுக்குச் சாயங்காலம்தான் கிடைத்தது. அப்படிக் காத்திருந்த ஒருவர், எங்கள் விலை பக்கத்துத் தெரு புரோக்கர் ஆபீஸுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது என்று மேனேஜர் காதில் போட்டுவிட்டார். காலையிலேயே மெயில் கிடைத்த யாராவது வாயை விட்டிருக்கலாம். ஆனால் மேனேஜர் வெளியே தேடவில்லை. உள்ளேதான் தேடினார்.

மெயில் அனுப்பும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவரைப் பந்தலூர் அக்கா என்போம். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பந்தலூரில் குடியேறிய குடும்பம். புருஷன் வேலை பார்த்த எஸ்டேட் மூடிவிட்டது. இவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. போதாக்குறைக்கு அவருடைய தம்பி அந்தப் பக்கத்துத் தெரு ஆபீஸில் சாம்பிள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். மேனேஜருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரும்மா, அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அந்த 'அப்பறம்' வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொரைக்கு எம்மேல சந்தேகம், தங்கச்சி. பட்டன அமுக்குறதுக்கு மேல எனக்கு என்னா தெரியும்?" மேனேஜரை அவர் மட்டும் தொரை என்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி, கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு எழுத்துகூட இல்லாத வெற்று மெயிலை எனக்கே அனுப்பினேன். அதுவும் அதே அளவு இழுத்தது. பெரிய மெயிலுக்கும் அதே இழுப்பு. படிக்க ஒன்றுமே இல்லாததை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? பிறகு, மெயில்களை வெளியே அனுப்புகிற, மெஷின் ரூமில் இருந்த மெயில் சர்வரோடு நேரடியாக இணைந்து பார்த்தேன். இணைப்பு உடனே கிடைத்தது. இணைந்ததும் சர்வர் முதலில் ஒரு வணக்க வரி அனுப்ப வேண்டும். ஆனால் அது வணக்கம் சொல்ல வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திறந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆக, தாமதம் வாசற்படியிலேதான்.

சர்வரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். மேனேஜர் எனக்கே தெரியாமல், மெயில்கள் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு லீவு நாளில், கோயம்புத்தூரிலிருந்து ஆளை வரவழைத்துக் காவல் போட்டிருந்தார். எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் அதன் பெயர் என்ன என்று விசாரித்துக் குறித்துக்கொண்ட பிறகே சர்வர் உள்ளே விட வேண்டும். பெயரைச் சொல்வதற்கென்று வெளியே நேம் சர்வர்கள் உண்டு. எங்கள் சர்வர் முதலில் கேட்டது பழைய இன்டர்நெட் கம்பெனியின் நேம் சர்வரை. சிக்கனம் என்று அந்த லைனை ஆபீஸ் வெட்டிவிட்டிருந்தது. புது லைன் போட வந்தவர்கள் தங்கள் நேம் சர்வரின் எண்ணைக் கீழே சேர்த்துவிட்டுப் போக, செத்துப்போன எண் மேலேயே இருந்தது. அதைக் கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, மறுபடி கேட்பது, அலுத்துப்போன பிறகுதான் அடுத்ததிடம் போவது. ஒவ்வொரு மெயிலுக்கும் இதே கூத்து. திருடனைப் பிடிக்க வைத்த காவல்தான் எல்லாரையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. செத்த எண்ணை எடுத்தேன். சர்வர் பட்டென்று வணக்கம் சொன்னது.

அடுத்த ஏலத்துக்கான மெயில்கள் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் வரிசையாக ஃபோன் போட்டு மணி கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "பாத்தியா அம்மிணி? அந்தப் புள்ள போச்சு, மெயிலு சரியாப் போச்சு. நாஞ் சொன்னனா இல்லியா?"

நான் செய்த ரிப்பேர் அக்காவின் தலையில் கல்லாக விழுந்திருந்தது. விளக்கிச் சொன்னேன். "அவளுக்கு நீ பரிஞ்சு பேசறே" என்று கையை வீசிவிட்டார். சொல்லிப் பிரயோஜனமில்லை, காட்ட வேண்டும் என்று தோன்றியது. மெஷின் ரூமுக்கு வரச் சொல்லி, அவர் கண்ணெதிரே செத்த எண்ணை மறுபடி மேலே வைத்தேன். "இப்ப நீங்களே அனுப்புங்க" என்றேன். ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். மெயில் நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணை எடுத்தேன். அடுத்தது உடனே போயிற்று.

"அக்கா பந்தலூர்ல இருக்காங்க. மெயில நிறுத்துனது நீங்க வெச்ச காவலுங்க" என்றேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முகம் கொஞ்சம் இளகும் என்று நினைத்தேன். அவர் திரையை விட்டு என் கையைப் பார்த்தார். "அப்ப நீ நெனச்சா நிறுத்தலாம், நெனச்சா உடலாம்" என்றார். "சரி, அந்தப் புள்ளைய வரச் சொல்லு. ரூம் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

அடுத்த திங்கட்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பினார். இன்று கோயம்புத்தூரில், யார் கேட்டாலும் சாவி கொடுக்கிற ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு நினைத்தாலும் எனக்கு நிறைவு தருவது அந்தத் திங்கட்கிழமைதான். அக்கா பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். கூடவே அவருக்கு ஒரு புது வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது. நான் மெஷின் ரூமுக்குள் போனால் சாவியோடு வந்து கூடவே நிற்க வேண்டும். "தொரை ஒன்னையப் பாத்துக்கச் சொல்லிருக்கு, தங்கச்சி" என்று கூச்சத்தோடு சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் கீபோர்டில் ஏதோ தட்டினேன். அக்காவின் சிரிப்பு நின்றது. குனிந்து திரையைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

"இப்ப என்னா செஞ்ச?" என்று கேட்டார்.

கேலிக்குத்தான் கேட்கிறார் என்று திரும்பினேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.