இனி இவருக்குப் பதிலாக இவர்

வெள்ளவத்தையில் சின்னம்மாவின் ஃபிளாட்டை நினைத்தால், கதவின் உட்புறச் சங்கிலிதான் முதலில் ஞாபகம் வருகிறது. மணி அடித்தால் சின்னம்மா உடனே திறக்கமாட்டார். "ஆரது?" என்பார். பெயரைச் சொன்னாலும் போதாது. சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் அளவு திறந்து, முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். சண்டைக் காலத்தில் ஒரு காலை பாண் வாங்கக் கடைக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இந்தப் பழக்கம். பொட்டை மட்டும் அவர் அழிக்கவில்லை. திவசம் செய்யச் சொன்ன உறவினர்களிடம், "செத்தவைக்குத்தான் திவசம்" என்று ஒரே பேச்சாகச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் வேலை முடிந்ததும் நான் பஸ் பிடித்து அங்கே ஓடியது ஓர் இந்தியத் தொடர் நாடகத்துக்காக. என் வீட்டில் கேபிள் இல்லை என்பது சாக்கு. சின்னம்மாவோடு சேர்ந்து திட்டாமல் பார்த்தால் அதில் ருசியில்லை. கதாநாயகியின் கணவன் கப்பலில் போய்க் காணாமல்போனவன். அவனைத் தேடுவதையே வருடக்கணக்காகச் சவ்வு மாதிரி இழுத்தார்கள். "அந்த நடிகன் சம்பளம் கூடக் கேட்டிருப்பான், வேலையை விட்டுக் கலைச்சுப்போட்டினம்" என்று நான் பகிடி விடுவேன். சின்னம்மாவும் சிரிப்பார். ஆனால் கதாநாயகி சாத்திரியாரிடம் போகும் காட்சி வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். சின்னம்மா கேட்காத சாத்திரியார் இல்லை, ஏறி இறங்காத முகாம் இல்லை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் கொளுத்தாத மெழுகுதிரி இல்லை.

நாடகத்தின் கடைசி நாள் கதாநாயகி தேடுவதை விட்டுவிட்டுத் தன் பாட்டில் வாழத் தொடங்குவாள் என்று நான் நம்பியிருந்தேன். அதைப் பார்த்தாவது சின்னம்மாவின் மனம் ஆறட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் முடிகிற நேரத்தில் அவன் வந்துவிட்டான். வேறொரு நடிகர், உயரமும் வேறு, நிறமும் வேறு, குரலும் வேறு. திரையின் அடியில் "இனி இவருக்குப் பதிலாக இவர்" என்று எழுத்து ஓடியது. கதாநாயகி கொஞ்சமும் தயங்காமல் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை எறியலாம் போலிருந்தது.

"ஆரோ ஒருத்தனைக் கொண்டுவந்து விட்டிருக்கினம், சின்னம்மா! எங்களுக்கு விசர் எண்டு நினைச்சினமோ?"

சின்னம்மா சிரிக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"இத்தனை வருசத்தில முகம் மாறித்தானே இருக்கும், பிள்ளை. வந்திட்டார் தானே. அது போதும்."

அந்த முடிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாடகம் என்று பார்த்தால் படுமோசம். ஆனால் சின்னம்மா அவ்வளவு நிம்மதியாக அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை என்பதால், வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அதன் பிறகு அவர் எந்த நாடகமும் பார்ப்பதில்லை. நான்தான் போய் வெறும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இப்போது அந்தச் சங்கிலி சும்மா தொங்குகிறது. மணி அடித்தால் "ஆரது?" இல்லை; கதவு முழுதாகத் திறக்கிறது. போன கிழமை நான் இருக்கும்போது காஸ் சிலிண்டர் கொண்டுவந்த நரைத்த தாடிக்காரரின் முகத்தையே சின்னம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் சங்கடப்பட்டு, சிலிண்டரை எங்கே வைப்பது என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல சிங்களம் கதைக்கிற சின்னம்மா, தமிழில் சொன்னார்:

"உள்ளுக்கு வாங்கோ. நல்லாக் களைச்சுப் போனியள்."