டிரைவர் மாமாவின் சிரிப்பு

டிரைவர் மாமா செத்துப்போனபோது மணி எட்டு ஐம்பது. அதே நேரத்தில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் வசந்த்குமார் அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான். எட்டரை மணி சீரியலில் டிரைவர் மாமாவாக வருகிறவர் அவர். திருப்புலிவனத்தில் இது தெரியாத குழந்தைகூடக் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு, பாலத்திலிருந்து கார் கவிழ்ந்து, சீரியலில் வரும் பெரிய வீட்டு மூத்த மருமகளும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன டிரைவர் மாமாவும் வெள்ளைத்துணியில் கிடந்ததைப் பார்த்தபோது, எதிர்வீட்டில் தவிட்டைக் கலக்கும் சத்தம் என் காதில் ஏறவில்லை. நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அழுவது பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்றால் சத்தத்தைக் கூட்டியிருக்க வேண்டும். அது அப்போது தோன்றவில்லை.

தெருக்கோடியிலிருந்து செங்கேணியின் குரல் எழுந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள் செங்கேணி. அவள் அழுதால் தெருவுக்கே தெரியும். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, பின்னால் நாலு பெண்களோடு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனின் மனைவி சசிரேகா அண்ணி டிவி முன்னாலிருந்து எழுந்து அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தாள். செங்கேணி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் செய்வதுபோலத் தலையோடு தலை சேர்த்து அழ ஆரம்பித்தாள்.

"அடியே, எம்மேல வுயுந்து அயாதடி! அந்தாளு அதோ மாட்டாண்ட நிக்கிறாரு பாரு, குத்துக்கல்லாட்டம்!"

செங்கேணி திரும்பிப் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"அது தெரியுது அண்ணி. இவரு கீறாரு. அவரு பூட்டாரே."

அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாவு வீட்டில் ஆண்கள் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பெண்கள் போனபிறகு அண்ணியின் குரல் என் ஜன்னல்வரை வந்தது.

"எப்ப எடுத்தாங்க இத?"

"போன மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாய்யா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்கடி."

"ஊருக்குச் சொல்லாத. பொண்டாட்டிக்குமா? நெத்தில காசு, கால்கட்டு, கழுத்துல மால... நானு உசுரோட ஒக்காந்துகினு இதெல்லாம் பாக்கணுமா?"

அண்ணன் நடிகர் இல்லை. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அரிசி மில்லுக்கு மூட்டை, காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய், கல்யாணத்துக்கு நாற்காலி என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். சில வருடங்களுக்கு முன்னால் மாகறலில் ஆற்றோரமாக ஒரு ஷூட்டிங் நடந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனவர், இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். டிரைவர் வேஷம் போட்டவருக்குக் கார் ஓட்ட வரவில்லை. மணலில் சக்கரம் புதைந்துபோனது. அண்ணன் போய் எடுத்துக்கொடுத்தார். திரும்பவும் புதைந்தது. திரும்பவும் போனார். மூன்றாம் முறை டைரக்டர், "நீங்களே சட்டையை மாத்திக்கிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு வசனம்தான். 'ஏறுங்கம்மா, வண்டி ரெடி' என்று சொல்ல வேண்டும். அண்ணன் நம் வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல, "ஏறு கண்ணு, நான் கீறேன்" என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு மாதத்தில் ஐந்தாறு நாள் அண்ணன் சென்னைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

சீரியலில் அந்தப் பெரிய வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். டிரைவர் மாமா பேசமாட்டார். கொல்லைப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். மூத்த மருமகள் அழுதுகொண்டு வெளியே வரும்போதெல்லாம் கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், கதவு திறந்திருக்கும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் ஷேர் ஆட்டோவில் இடம்பிடித்து ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவதுகூட, "ஏறு கண்ணு, நான் கீறேன்" என்றுதான். செங்கேணி ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அந்த வூட்ல நம்மள மாரி கொல்லப்பக்கம் ஒக்காந்து துன்ற ஆளு அவரு ஒர்த்தர்தான், மதி."

நான் எம்.காம். படித்தவள். உத்திரமேரூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சீரியல் பார்ப்பதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. மாமியார் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு நான் கிளம்பிவந்த நாளில் பஸ்ஸில் நின்றபடிதான் வந்தேன். வந்த அன்றைக்கே சீரியலில் மூத்த மருமகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கேட்டுக்கு வெளியே கார் நின்றுகொண்டிருந்தது. இதைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை.

சாவு ஒளிபரப்பான மறுநாளிலிருந்து அண்ணனுக்கு எங்கும் நிம்மதியாக நிற்க முடியவில்லை. டீக்கடையில் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், "இன்னா அண்ணே, இப்டி பூட்டியே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டேட்டஸில் எல்லாம் அவர் படம், கீழே இரண்டு விளக்கு. ஒருநாள் யாரோ வண்டியின் கண்ணாடியில் சாமந்தி மாலை சார்த்திவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணி அதைப் பிய்த்தெறிந்து, வண்டியைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்க வைத்தாள்.

முதல் இரண்டு நாள் அண்ணன் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். பிறகு நான் கவனித்தது வேறு. மாலையானால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து யாராவது துக்கம் கேட்க வந்தால், உள்ளே பார்த்து, "சசி, டீ போடு" என்பார். யாரும் வராத நாளில் எழுந்து தெருமுனைவரை போவார், வருவார். வண்டியை ஸ்டார்ட் செய்து, எங்கும் போகாமல் அணைப்பார். எட்டரைக்குச் சீரியலின் பாட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஆரம்பிக்கும்போது மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார்.

சிரிப்பு விஷயத்தை முதலில் எடுத்தது அண்ணிதான். ஷூட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர் எழுந்ததும், மாலையைக் கழற்றுவதற்கு முன்னால், அதே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நடித்த சாவு நடிப்போடு போகட்டும் என்று. இன்னொரு நடிகைக்கு அப்படிச் செய்ததை அண்ணன்தான் எப்போதோ அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

"யோவ், நீ சிரிச்சியா இல்லியா?"

"டைம் ஆயிடுச்சுடி. பேக்கப் பண்ட்டாங்க."

"அப்ப சிரிக்கல."

"அதெல்லாம் சொம்மா சாங்கியம்."

அந்த வாரமே காஞ்சிபுரம் ரோட்டில் வண்டியின் முன்சக்கரம் வெடித்தது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்திரிக்காய் மூட்டை இரண்டு ரோட்டில் கொட்டியது, அவ்வளவுதான். ஆனால் அண்ணி அன்றைக்கு வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அந்தக் கேமராவாண்ட போயி சிரிச்சிட்டு வர்ற வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது. நாளைக்கு லாரி வந்து மோதினா, டைரக்டரா வந்து கட் சொல்லுவாரு?"

சீரியல் மேனேஜருக்குப் போன் போடச் சொல்லி என்னிடம் வந்தாள். அவரிடம் இங்கிலீஷில் பேச வேண்டியிருக்கும் என்று அவளுக்கு நினைப்பு. மேனேஜர் பெயர் டேனியல். நல்ல தமிழில்தான் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"அக்கா, நாங்க மறக்கலக்கா. கேமரா ரெடி, எல்லாரும் நிக்கிறோம். அண்ணே சிரிங்கன்னு சொன்னேன். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்னு மாலையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனாரு. அரைமணி நேரம் தேடுனோம். வண்டியெடுத்துட்டு ஊருக்கே கிளம்பிட்டாரு."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"இப்ப என்னா பண்றது தம்பி?"

"செட்டைப் பிரிச்சாச்சுக்கா. போன்லயே சிரிச்சு எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. அந்த ஃபுட்டேஜோட சேர்த்து வெச்சிடச் சொல்றேன். அதோட அவர் கேரக்டர் க்ளோஸ்."

போனை வைத்ததும் அண்ணி வெளியே போனாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"ஏன்யா சிரிக்கல?"

அண்ணன் தூணில் இருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிட்டா முடிஞ்சிடும்டி. அந்த வில்லி ரெண்டு தபா செத்துட்டுத் திரும்பி வந்தா. ஒரு தபா எரிச்சே காட்னாங்க. நான் வரமாட்டனா?"

"அவரு திரும்பி வர்றதுக்கு நீ போய்ச் சேந்துடுவியா?"

அண்ணன் நகத்தில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "லோடு ஏத்தறவனுக்கு யாருடி அயுவாங்க?" என்றார். "அவருக்கு அயுறாங்க." அதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டதுபோல எதிரே தன் வீட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று மாலை அண்ணி அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். நெற்றியில் விபூதி. என் போனை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சிரித்தார். பல்வலிக்காரர் டாக்டரிடம் வாயைத் திறப்பதுபோல இருந்தது.

"இன்னொரு தபா," என்றாள் அண்ணி.

அவர் உதட்டை இழுத்தார். விட்டார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார்.

"சிரிப்பு வர்லடி. பேஜாரு பண்ணாத."

அந்த நேரத்தில் செங்கேணி முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தாள். வேலையிலிருந்து திரும்புகிற வழி. நின்று பார்த்தாள்.

"இன்னா நடக்குது? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"செத்ததுக்குச் சிரிக்கச் சொன்னா சிரிக்கமாட்டேங்கறாரு," என்றாள் அண்ணி.

"அவரு எங்க ஒயுங்கா செத்தாரு, சிரிக்கறதுக்கு?" செங்கேணி கீரையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நானு அயுதுகினே பாக்கறேன், கண்ணு இமை ரெண்டும் பட்டாம்பூச்சியாட்டம் அடிச்சிக்கினு கீது. மூக்குமேல ஈ வேற. சரி, பொணம் இப்ப தும்மப் போவுதுன்னு நெனச்சேன். நல்லவேள, விளம்பரம் வுட்டாங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆமாடி, ஈதான்! அந்த ஈதான் உசுர வாங்கிடுச்சு!" அண்ணியும் சிரித்தாள். செங்கேணி சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா சிரிப்பு," என்றாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணு காரு ஓட்டக் கத்துக்கினு சொவத்துல இடிச்சாளே, அப்ப சிரிச்ச சிரிப்பு."

எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

"புது டிரைவர் வந்துட்டானாம், தெரியுமா?" என்று செங்கேணி போகிறபோக்கில் சொன்னாள். "சின்னப் பையன். கருப்புக் கண்ணாடி. எங்காளுங்க அதுக்குள்ள நல்லா கீறான்றாளுங்க. நானு பாக்கறத வுட்டுட்டேன்."

அண்ணனின் சிரிப்பு அத்தோடு நின்றது. அண்ணி சூடம் எடுக்க உள்ளே போனாள். போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டுப் போனாள். விடியற்காலை மார்க்கெட்டுக்கு லோடு இருக்கிறது.

அண்ணன் சாவியை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"போச்சாம்மா?"

"போகுதுண்ணே," என்றேன். போனில் டேனியலின் பெயரைத் தேடி எடுத்து, வீடியோவையும் சேர்த்திருந்தேன். கட்டைவிரல் அதற்குமேல் போகவில்லை.

"நெட்டு ஸ்லோவா கீதா?"

"ஆமாண்ணே."

உள்ளேயிருந்து அண்ணி கேட்டாள். "அனுப்சிட்டாளா?"

அண்ணன் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"அனுப்சிட்டா," என்றார்.

அண்ணி சூடத்தைச் சுற்றி வாசலில் போட்டாள். அண்ணன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதும்போது இரண்டு முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். எதிர்வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது, முன்னால் புது டயர். அண்ணன் கிளம்புவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லாமல். டேனியலின் பெயருக்குக் கீழே அது இன்னும் அனுப்பப்படாமல் இருக்கிறது.