பஸ்ஸர் ஒயர்

நான்தான் அந்த ஒயரைப் பிடுங்கினேன். முருகேசன் தூங்கிவிடவில்லை, அசட்டையாக ஓட்டவும் இல்லை. அலாரம் கத்தவே இல்லை... கத்தாதபடி செய்தவன் நான்!

பெரம்பலூரில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கடை வைத்திருக்கிறேன். முருகேசன் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே அடுப்பு வைத்து டிபன் கடையாக மாற்றினான். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் வியாபாரம் செய்வதாகத் திட்டம். டேஷ்போர்டில் செத்துக் கிடந்த மீட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினேன். பிரேக்குக்கு வேண்டிய காற்று குறைந்தால் கத்துவதற்கு ஒரு பஸ்ஸரும் வைத்தேன். என் வேலையில் எனக்கு அத்தனை கர்வம்!

பூஜையன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, முருகேசன் வண்டியைக் கிளப்பினான். பஸ்ஸர் கத்தியது. காற்று ஏறியதும் நின்றுவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். நிற்கவில்லை. தெருவே கூடி நிற்கிறது... நல்ல நேரமோ போய்க்கொண்டிருக்கிறது.

"என்னய்யா, புது மீட்டரு ஒப்பாரி வைக்குது?" என்று எவனோ சிரித்தான். முருகேசனின் மனைவி செல்விக்கு முகம் கறுத்துவிட்டது.

காற்று எங்கோ கசிகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியிருக்க வேண்டும். ஆனால் நாலு பேர் என் வேலையைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் தாங்கியிருப்பீர்களோ, என்னவோ... நான் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

"லூஸ் கனெக்‌ஷன். சரி பண்ணிட்டேன்."

காற்று மீட்டரின் முள் மெல்ல மேலே ஏறியது. வண்டி நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே சத்தம் வராத வரைக்கும் பயமில்ல, இல்லண்ணே?" என்று கேட்டான் முருகேசன். தலையாட்டினேன். நாளைக்குப் போய் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடுவான்? என்னைத்தான் நம்பிவிட்டானே!

ஒருநாள் அரியலூர் சாலையில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் பஸ் போய் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை. முருகேசன் அங்கேயே இறந்துபோனான். முன்பக்கம் முழுதும் நொறுங்கிவிட்டதால் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு செல்வி என்னிடம் கேட்டாள். "அலாரம் வேல செஞ்சுதாண்ணே?"

"செஞ்சுதும்மா."

சொல்லிவிட்டேன்! ஒயரைப் பிடுங்கியதைக்கூட அவசரப் புத்தி என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

"அது கத்துனதக்கூட காதுல வாங்காம போயிருக்காரே, பாவி மனுசன்!" என்று செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் செல்வி மகனுடன் கடைக்கு வந்தாள். அவன் ஒரு பழைய வேன் ஓட்ட ஆரம்பித்திருக்கிறான். அதற்கு அலாரம் வைக்க வேண்டுமாம்.

"நல்லா சத்தமா வைங்கண்ணே. அப்பன மாதிரியே இவனும் அசட்டையா இருந்துடப் போறான்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா அசட்டைக்காரன் இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்குமா? நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

பஸ்ஸரைப் பொருத்தி, அழுத்திக் காட்டினேன். கடையே அதிர்ந்தது. செல்வி அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவருக்கும் இப்புடித்தானண்ணே கத்தியிருக்கும்?"

"ஆமாம்மா" என்றேன்.