காதை அடைக்கும் மலை

கியரை இரண்டுக்கு இறக்கி, கண்ணாடி வழியே பின்சீற்றைப் பார்த்து, "காதை அடைக்குதோ?" என்று கேட்பார் யேசுரட்ணம். பின்சீற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். ஓட்டுபவரோ டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் கார் வாங்கிய முதல் தமிழர். "ஓம் அண்ணை, இலேசா அடைக்குது" என்பார்கள். "அடைக்கும். மலையெல்லோ. எச்சிலை விழுங்குங்கோ" என்று வைத்தியர் போலச் சொல்லிவிட்டு மறுபடியும் வீதியைப் பார்ப்பார். வீதி, கிழட்டு மாடு பூட்டிய வண்டிகூட மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய சரிவில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். அதை ஒளிப்பதில்லை, சொல்லாமல் விடுவதுமில்லை. "ஐஞ்சாம் வகுப்புக்காரன் டெனிஷிலை சோதினை எழுதி லைசென்ஸ் எடுத்தவன். பட்டதாரியள் இஞ்ச பஸ்ஸுக்கு நிண்டு விறைக்கினம்" என்பதைப் பட்டதாரிகளை ஏற்றிக்கொண்டுதான் சொல்லுவார். அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். வழியில் இறக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸுக்கு எங்கே போவது?

வேலை துணித் தொழிற்சாலையில், சாயம் போடும் பகுதியில். கையுறை போட்டாலும் நகக்கண்ணுக்குள் சாயம் எப்படியோ இறங்கிவிடும். அந்தக் கிழமை பச்சைத் துணி ஓடினால் விரல் பச்சை, நீலம் ஓடினால் நீலம். தேவாலயப் பூசையில் அவர் கை குவிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள், டெனிஷ்காரர் வருகிற வருடம் என்ன நிறத்தில் உடுத்தப்போகிறார்கள் என்று இலவசமாக அறிந்துகொள்ளலாம்.

கார் ஒரு கடுகு நிற மஸ்டா. அதன் கதவை வேறு யாரும் சாத்தக்கூடாது. அவரே இறங்கி, சுற்றி வந்து, தொட்டில் பிள்ளையைக் கிடத்துவதுபோலச் சாத்துவார். பூசை முடிந்ததும் புதிதாக வந்த எவரையாவது பிடித்து ஏற்றினால், மாலைக்குள் இரண்டு இடங்களைக் காட்டாமல் விடமாட்டார். ஒன்று வைன் நாடு. மற்றது மலைநாடு.

டென்மார்க்கில் வைன் நாடு இருப்பது டெனிஷ்காரருக்கே தெரியாது. சில்கபோர்க் போகும் வழியில் தெற்கே திரும்பினால் 'வின்டிங்' என்று ஓர் ஊர்ப்பலகை நிற்கிறது. "வின் எண்டால் இவங்கட பாசையில வைன். பிறகு நான் சொல்லவேணுமோ" என்று வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, மணம் பிடிக்கச் சொல்லுவார். வருவது பன்றிப் பண்ணையின் மணம். "புளிக்க வைச்சிருக்கிறாங்கள்" என்பார்.

மலையில் மட்டும் அவருடைய கைச்சரக்கு எதுவும் இல்லை. ஹிம்மெல்பியெர், அதாவது வானமலை, என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் டெனிஷ்காரர்.

அவருக்கு ஒரு மலை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மனைவி விக்ரோரியா, தகப்பனின் றெயில்வே வேலையால் நானுஓயா மலையில் வளர்ந்தவள். யேசுரட்ணமோ யாழ்ப்பாணத்தில் மேடே இல்லாத பாசையூர்க் கடற்கரைக்காரர். கலியாண வீட்டுப் பந்தியில், விக்ரோரியாவின் தமையன் பேதுரு எல்லோரும் கேட்க, "மச்சான் தன்ரை சீவியத்தில கிணத்துக்கட்டுக்கு மேல ஏறியிருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டான். பந்தி சிரித்தது. புதுப்பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் யேசுரட்ணம் டென்மார்க்குக்கு வந்தார்.

வந்து, மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அப்படிப் போட்ட தமிழரின் கோப்புகளெல்லாம் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. கோப்பு அசையும்வரை கசெற்றில் பேசிப் பேசி அனுப்பினார். ஒவ்வொரு கசெற்றிலும் வைன் தோட்டம் பெருத்தது, மலை உயர்ந்தது. "கார் ஏறேக்க காது அடைக்குமப்பா. நானுஓயா என்ன நானுஓயா" என்று ஒரு கசெற் முடிந்தது.

பிறகு பத்திரிகைகள் எழுத, விசாரணை தொடங்க, கோப்பு ஒருவழியாக அசைந்து இந்த வைகாசியில் விக்ரோரியா வந்து இறங்கினாள். தங்கையைப் பார்க்கவென்று பேதுருவும் கப்பலேறி வந்தான், நோர்வேயிலிருந்து. ஜன்னலைத் திறந்தால் மலை மூக்கில் இடிக்கும் பேர்கனில் சில வருடமாக இருப்பவன். வந்த அன்றே, "எங்க மச்சான் உங்கட மலை?" என்று கேட்டுவிட்டான்.

சனிக்கிழமை முழுக்க யேசுரட்ணம் மழை வேண்டி மாதாவை மன்றாடினார். டென்மார்க்கில் கேட்காமலே பெய்யும் மழை, அன்று கேட்டும் பெய்யவில்லை. மலை பொய் என்று தமையன் சொல்லி அவளும் தலையாட்டிவிட்டால், கசெற்றில் சொன்ன மற்றவற்றை அவள் எங்கே வைப்பாள்? 'உம்மை நினைக்காத நாளில்லை' என்றும் அதே கசெற்றில்தானே சொல்லியிருந்தார்.

ஞாயிறு வெயில் கொளுத்தியது. விக்ரோரியா முன்சீற்றில், பேதுரு பின்சீற்றில், காலை அகட்டிக்கொண்டு. வின்டிங் பலகை வந்தது.

"இதுதான் வைன் நாடு" என்றார் யேசுரட்ணம். குரல் வழக்கம்போல எழும்பவில்லை.

பேதுரு எட்டிப் பார்த்தான். "மச்சான், உது உருளைக்கிழங்கு."

"இந்த வருசம் கிழங்கு. ஒரு வருசம் வைன் போட்டால் மற்ற வருசம் கிழங்கு. மண்ணுக்கும் ஓய்வு குடுக்கவேணுமெல்லோ."

"எங்கட நோர்வேயிலையும் வின் எண்டால் வைன்தான். ஆனா வின்ட் எண்டால் காத்து. இது காத்தடிக்கிற ஊர் மச்சான்."

"காத்துக்கு ஆரும் ஊர்ப்பேர் வைப்பானோ? அது எல்லா ஊரிலையும்தான் அடிக்குது."

விக்ரோரியா ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கிழமை தொழிற்சாலையில் ஓடியது கருஞ்சிவப்பு. "உங்கட விரலென்ன உப்பிடிக் கிடக்கு?"

"வைன்" என்றார் அவர், யோசிக்காமல்.

பேதுரு சிரித்த சிரிப்பில் சீற் ஆடியது. விக்ரோரியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

சரிவு வந்ததும் கை தன்பாட்டில் கியரை இறக்கியது. வாயும் தன்பாட்டில் கேட்டுவிட்டது. "காதை அடைக்குதோ?"

"என்னத்துக்கு மச்சான்?" என்றான் பேதுரு. "ஆரும் கத்தினவையோ?"

விக்ரோரியா மடியில் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

மரங்களுக்கு நடுவே ஒரு தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார்.

"என்ன, பெற்றோல் முடிஞ்சுதோ?"

"வந்திட்டம்."

"எங்கை?"

"மலைக்கு."

பேதுரு இறங்கி நாலு பக்கமும் திரும்பினான். ஐஸ்கிறீம் கடை தெரிந்தது. குழந்தை வண்டில் தள்ளிக்கொண்டு ஒரு கிழவனும் கிழவியும் வேர்க்காமல் வந்தார்கள். "மலை எங்கை மச்சான்?"

"உன்ரை காலுக்குக் கீழ."

பேதுரு ஒரு காலைத் தூக்கிக் கீழே பார்த்தான். மற்றக் காலையும் தூக்கிப் பார்த்தான். பிறகு ஐஸ்கிறீம் கடைக்கு முன்னாலிருந்த கற்கட்டில் வசதியாகக் குந்திக்கொண்டு, "நான் இந்தக் கிணத்துக்கட்டில இருக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ" என்றான்.

உச்சியில் செங்கல்லில் கட்டிய ஒரு கோபுரம் இருக்கிறது. யேசுரட்ணம் முன்னே ஏறினார், விக்ரோரியா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னே. மேலே நின்றால், ஏறி வந்தபோது காணாத பள்ளம் அந்தப் பக்கம் விழுகிறது. அடியில் ஏரி, அதில் ஒரு வெள்ளைப் படகு, சுற்றிவரக் காடு. புதிதாக வந்தவர்களுக்கு இந்த இடத்தில் அவர் நீட்டி முழக்குவது வழக்கம். அன்று கருஞ்சிவப்பு விரலைத் தூக்கி ஏரியைக் காட்டினார். உடனே அதை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். காற்று கோபுரத்தைச் சுற்றி ஊவென்று இரைந்தது.

விக்ரோரியா தலையைச் சரித்து நின்றாள். "இந்தச் சத்தம்தானோ அது?"

"எது?"

"கசெற்றில. நீங்கள் கதைக்கேக்கை பின்னால ஊ எண்டு ஒண்டு கேக்கும். கசெற் பழுதெண்டு, பென்சிலை விட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தனான்."

அவர் செருமினார். "அறையில நாலுபேர் இருந்தனாங்கள். உம்மோட கதைக்க ஒரு இடம் வேணுமெல்லோ. இஞ்ச வந்துதான் பதியிறது."

"மாரிக் குளிரிலையுமோ?"

"மாரியில காது இன்னும் கூட அடைக்கும்."

அவள் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கினார்கள்.

திரும்பும்போது யேசுரட்ணம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சரிவு வந்தது, கியரை மாற்றவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லை. ஏறும்போது போலவே இறங்கும்போதும் கேட்பது அவர் வழக்கம்; இந்த மஸ்டா அந்தக் கேள்வி இல்லாமல் அந்தச் சரிவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. பின்னால் பேதுரு ஐஸ்கிறீம் குச்சியை நக்கி முடித்துவிட்டு முன்னால் குனிந்தான்.

"என்ன மச்சான், இறங்கேக்கை ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

யேசுரட்ணத்தின் காது மடல், விரலின் நிறத்துக்கு வந்தது.

அப்போது விக்ரோரியா சின்னவிரலைக் காதுக்குள் விட்டாள். கண்ணை இறுக்கி மூடி, காப்புகள் எல்லாம் கிலுங்க ஒரு ஆட்டு ஆட்டினாள். அது போதாதென்று மற்றக் காதையும் ஆட்டினாள். பிறகு வாயை ஆவென்று திறந்து மூடி, பின்சீற்றுக்குக் கேட்கும்படியாக எச்சிலை விழுங்கினாள்.